எந்த எல்லையில் கேமராவை நிறுத்துவது? ரஷ்யக் குடியேறிகள் பற்றிய ஒரு சிறு பட்ஜெட் குற்றப்படத்துக்கான களத் தேர்வு

ரஷ்யாவை விட்டு வெளியேறுவோரைப் பற்றிச் சிறு பட்ஜெட்டில் ஒரு குற்றப்படம் எடுக்க நினைக்கும் குழு, நாயகன் யார், வில்லன் யார் என்று யோசிப்பதற்கு முன்பே எந்த எல்லை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். சிறு பட்ஜெட் என்று எந்த அளவைச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். அமெரிக்க நடிகர் சங்கம் குறைந்த செலவுப் படங்களுக்கு வைத்திருக்கும் ஒப்பந்தங்களில் ஒரு கீழ்ப்படி 3,00,000 டாலர் வரையிலான படங்களுக்கானது. அதற்கு மேல் 7,00,000 டாலர், 20,00,000 டாலர் என்று இரு படிகள் உண்டு. என் மனத்தில் இருப்பது அந்தக் கீழ்ப்படிக்குள் அடங்கும் படம். அந்தப் பணத்தில் எல்லைச்சாவடியை முழுமையாகச் செட் போட இயலாது, ஐந்நூறு துணை நடிகர்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுக்க இயலாது, துப்பாக்கிச் சண்டையை இரண்டு இரவுகளுக்கு மேல் நீட்டவும் இயலாது. எந்த எல்லை என்று தீர்மானிக்கும் அந்த நாளிலேயே திரைக்கதையின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

ஒவ்வொரு களத்தையும் இரண்டு கேள்விகளால் அளந்து பார்க்கிறேன். அந்த எல்லையில் நடைமுறையில் இருக்கும் சட்டம், எழுத்தாளரின் தயவு இல்லாமலே கதாபாத்திரங்களைக் குற்றத்தின் பக்கம் தள்ளுகிறதா? அப்படித் தள்ளுவதைப் படம்பிடிக்க எத்தனை பேர், எத்தனை வண்டிகள், எத்தனை அனுமதிகள் வேண்டும்?

முதலில் யாருக்கும் தோன்றுவது நியூயார்க்கின் பிரைட்டன் பீச். 1970களில் சோவியத் யூதர்கள், குறிப்பாக ஒதேசாவிலிருந்து வந்தவர்கள், குடியேறிய பகுதி அது. தலைக்கு மேல் ஓடும் ரயில் பாதையும் அதன் கீழ் ரஷ்ய எழுத்துகளில் கடைப் பலகைகளும் இருப்பதால், கேமராவைத் தோளில் வைத்த மறுகணமே படத்துக்கு ஒரு முகம் கிடைத்துவிடும். நகரத்துக்குச் சொந்தமான தெருவை அடைத்துக்கொள்ளாமல், கையில் பிடித்த கேமராவோடோ முக்காலியோடோ எடுக்கும் வரை நியூயார்க்கில் படப்பிடிப்பு அனுமதிச் சீட்டும் தேவையில்லை. செலவுக் கணக்கில் இதை எதுவும் வெல்ல முடியாது. ஆனால் அங்கே எல்லை இல்லை. கதை தொடங்குவதற்கு முன்பே எல்லோரும் அதைக் கடந்து முடித்துவிட்டார்கள். மிஞ்சுவது மாஃபியா மட்டுமே. 1992இல் அமெரிக்காவுக்கு வந்து 1995இல் கைதான வியாச்செஸ்லாவ் இவான்கோவைப் போன்றவர்களின் நிழல், முப்பது ஆண்டுகளாகத் திரையில் ரஷ்யக் குடியேறிகள் அனைவர் மீதும் விழுந்துகொண்டிருக்கிறது. 1980களில் அங்கே நடந்த பெட்ரோல் வரி மோசடி உண்மையிலேயே சுவையான குற்றம்: காகிதத்தில் மட்டும் இருக்கும் நிறுவனங்களுக்குள் எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி, வரி கட்ட வேண்டிய நிறுவனத்தை மட்டும் கடைசியில் காணாமல் போகச் செய்வது. ஆனால் அதைச் சொல்ல அந்தக் காலத்துக் கார்களும் பெட்ரோல் பங்குகளும் உடைகளும் வேண்டும். சேமித்த பணமெல்லாம் கலை இயக்குநரின் கணக்கில் போய்விடும். பிரைட்டன் பீச்சை நான் விட்டுவிடுகிறேன்.

ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் இடையிலான வெர்க்னி லார்ஸ் சாவடியை அவ்வளவு எளிதில் விட முடியவில்லை. 2022 செப்டம்பர் 21 அன்று விளாதிமிர் புதின் பகுதி அணிதிரட்டலை அறிவித்தார். 3,00,000 பேரைப் படைக்கு அழைக்கப்போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் சொன்னார். அடுத்த சில நாட்களில், விளாதிகாவ்காஸ் நகரத்துக்குத் தெற்கே தாரியல் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்தச் சாவடிக்கு முன்னால் கார்கள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு நின்றன. ரஷ்யக் குடிமக்களுக்கு ஜார்ஜியா செல்ல விசா வேண்டாம், ஓராண்டு வரை தங்கலாம் என்பதால் ஆண்கள் அந்தப் பள்ளத்தாக்கை நோக்கிக் குவிந்தார்கள். அந்தச் சாவடியை நடந்து கடக்க விதி இடம் தரவில்லை, சைக்கிளில் கடக்கலாம். ஆகவே சைக்கிளின் விலையும் குழந்தைகள் ஓட்டும் ஸ்கூட்டரின் விலையும் வானத்துக்குப் போயின, முன்வரிசையில் நிற்கும் காரில் ஓர் இருக்கை தனிப் பொருளாக விற்பனைக்கு வந்தது. பின்பு படைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்தின் நடமாடும் பிரிவு ஒன்று சாவடிக்கே வந்து நின்றது. வரிசை நகரும் வேகத்துக்கும் அழைப்பாணை வந்து சேரும் வேகத்துக்கும் நடக்கும் அந்தப் போட்டியை விடச் சிறந்த கடிகாரத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அதைக் காட்டக் கூட்டம் வேண்டும். ரஷ்யப் பக்கத்தில் எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் 2022 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஜார்ஜியப் பக்கத்தில் எடுக்கலாம், அங்கே வெளிநாட்டுப் படங்கள் செய்யும் செலவில் 20 முதல் 25 விழுக்காடு வரை திருப்பித் தரும் திட்டமும் 2016 முதல் இருக்கிறது, பனி பெய்து மலைச்சாலை மூடும் நாட்களில் சரக்கு லாரிகள் தாமாகவே நெடுவரிசையில் நிற்பதால் பின்னணிக்கு ஒரு வரிசை இலவசமாகவே கிடைக்கும். அப்படியிருந்தும் என் தயக்கம் தீரவில்லை. அந்த வாரத்தில் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். அவர்களைச் சுற்றி நடந்தது சில்லறைப் பேராசை. அதைக் குற்றப்படமாக்க வேண்டுமென்றால் ஒரு கொலையையோ ஒரு பணப்பெட்டியையோ வெளியிலிருந்து கொண்டுவந்து காருக்குள் வைக்க வேண்டியிருக்கும். வைத்த உடனே, எல்லோருக்கும் பொதுவாக இருந்த அந்த அச்சம் பின்னணி அலங்காரமாகச் சுருங்கிவிடும். இருபது நிமிடக் குறும்படத்துக்கு லார்ஸைப் போன்ற களம் வேறில்லை. முழுநீளப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வடக்கே நார்வேயின் ஸ்டோர்ஸ்கோக் சாவடியையும் பின்லாந்தின் கிழக்கெல்லையையும் சிலர் முன்மொழியக்கூடும். 2015இல் ஸ்டோர்ஸ்கோகில் பனிக்குளிரில் சைக்கிள் மிதித்து வந்த ஆயிரக்கணக்கானோரின் காட்சி யாரையும் உலுக்கும். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். 2023 நவம்பரில் பின்லாந்து தன் சாவடிகளை ஒவ்வொன்றாக மூடக் காரணமாக வந்தவர்களும் பெரும்பாலும் மேற்காசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தவர்கள். அந்தக் கதையை ரஷ்யக் குடியேறிகளின் கதையாக மாற்றி எழுதுவது அவர்களிடமிருந்து அதைப் பறிப்பதாகும்.

எஸ்தோனியாவின் நார்வா நகரம் வேறு வகை. நார்வா ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு கோட்டைகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. மேற்கே எஸ்தோனியாவின் ஹெர்மன் கோட்டை, கிழக்கே ரஷ்யாவின் இவான்கொரோத். நடுவில் ஒரு பாலம். 2024 பிப்ரவரியில் ரஷ்யா தன் பக்கத்தில் சீரமைப்பு என்று சொல்லி வாகனங்களை நிறுத்தியதிலிருந்து அந்தப் பாலத்தை நடந்து மட்டுமே கடக்க முடிகிறது. அதே ஆண்டு மே மாதத்திலிருந்து எஸ்தோனியா இரவில் சாவடியை மூடிவைக்கிறது. ஆகவே விடிவதற்கு முன்பே மூதாட்டிகளும் குடும்பங்களும் சக்கரம் வைத்த பைகளோடு கோட்டைச் சுவரோரம் வரிசையில் நிற்கிறார்கள். நார்வாவில் மிகப் பெரும்பாலோரின் தாய்மொழி ரஷ்யன். சோவியத் காலத்தில் ஒரே நாட்டுக்குள் இடம் மாறி வந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அவர்கள். 1991இல் எல்லைதான் வந்து அவர்களுக்கு நடுவே நின்றுகொண்டது. சிலரிடம் எஸ்தோனியப் பாஸ்போர்ட், சிலரிடம் ரஷ்யப் பாஸ்போர்ட், சிலரிடம் எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை என்று சொல்லும் சாம்பல்நிறப் பாஸ்போர்ட். ஒரே வீட்டுக்குள் மூன்று வகைகளும் இருப்பது அங்கே நடக்கக்கூடியதே.

குற்றமும் சட்டத்திலிருந்தே பிறக்கிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் யூரோ நோட்டுகளை ரஷ்யாவுக்குக் கொண்டுசெல்லத் தடை விதித்தது. பயணி தன் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளும் தொகைக்கு விலக்கு உண்டு. சொந்தத் தேவை என்பது எவ்வளவு என்பதை அந்தச் சாவடியில் நிற்கும் சுங்க அதிகாரி தீர்மானிக்கிறார். 2024 ஆகஸ்டில் எஸ்தோனியா அங்கே ஒவ்வொருவரையும் முழுமையாகச் சோதிக்கத் தொடங்கியது. ஆற்றுக்கு அப்பால் கிடக்கும் தங்கையின் மருத்துவத்துக்கு என்று பணம் எடுத்துச் செல்லும் ஒரு மூதாட்டியிடம், 'உங்கள் கோட்டுப் பையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே' என்று பக்கத்து வீட்டு இளைஞன் ஒருவன் கேட்டால் போதும், படம் தொடங்கிவிட்டது. துப்பாக்கி வேண்டாம், கார் வேண்டாம், இரவுப் படப்பிடிப்பும் வேண்டாம். சாவடிக்குள் கேமராவை விடமாட்டார்கள் என்றாலும், கோட்டைக்குக் கீழே ஆற்றோரம் செல்லும் நடைபாதை பொது இடம். அங்கிருந்து பாலம் முழுவதும் தெரியும். பாலத்தின் நடுவில் நடப்பதைத் தூரத்திலிருந்தே, ஒலி இல்லாமல், ஒரு சிறு உருவம் நிற்பதையும் மறுபடி நகர்வதையும் மட்டும் காட்டி எடுக்கலாம். நெருங்கிச் சென்று எடுப்பதை விட அது நெஞ்சைப் பிசையும் என்று நம்புகிறேன்.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நார்வாவின் மக்கள் தப்பி ஓடுகிறவர்கள் அல்லர், வாரம் ஒருமுறை போய்வருகிறவர்கள். பிடிபட்டால் பணம் போகும், அவமானம் வரும், உயிர் போகாது. விறுவிறுப்புக்குப் பழகிய பார்வையாளரை ஒன்றரை மணி நேரம் அந்த அளவு பதற்றத்தில் கட்டிவைக்க மிகத் தேர்ந்த இயக்குநரும் அவரை விடத் தேர்ந்த ஒரு மூத்த நடிகையும் வேண்டும். அந்த நடிகை கிடைத்துவிட்டால் என் முடிவு மாறக்கூடும்.

இனி டிஹுவானா. மெக்சிகோவின் அந்த நகரத்துக்கும் கலிபோர்னியாவின் சான் இசீட்ரோவுக்கும் இடையில் இருப்பது உலகிலேயே மிக நெரிசலான தரைவழிச் சாவடிகளில் ஒன்று. 2020 மார்ச்சில், கொரோனாவைக் காரணம் காட்டி, 'டைட்டில் 42' என்று அழைக்கப்பட்ட பொதுச் சுகாதார விதியை அமெரிக்கா எல்லையில் அமல்படுத்தியது. புகலிடம் கேட்டு வருபவரை விசாரணை இல்லாமலே திருப்பி அனுப்ப அது வழிசெய்தது. நடந்து வருபவர்களை எல்லைக்கோட்டுக்கு முன்பே அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். ஆனால் கோட்டைத் தாண்டிவிட்டால் நிற்பது அமெரிக்க மண். அங்கே நின்ற ரஷ்யரைத் திருப்பி எடுத்துக்கொள்ள அப்போது மெக்சிகோ ஒப்பவில்லை. இந்த இரண்டு உண்மைகளுக்கு இடையில் இருந்த சில மீட்டர் இடைவெளியிலிருந்துதான் ஒரு முழுத் தொழில் முளைத்தது. ரஷ்யர்கள் மெக்சிகோவுக்கான மின்னணு அனுமதியை இணையத்திலேயே வாங்கிக்கொண்டு, கான்குன் கடற்கரைக்கு விடுமுறைக்கு வருபவர்களைப் போல வந்து இறங்கி, உள்நாட்டு விமானத்தில் டிஹுவானாவுக்குச் சென்றார்கள். அங்கே கலிபோர்னியா எண்பலகை கொண்ட பழைய கார் ஒன்றை வாங்கி, அதில் நான்கைந்து பேராக ஏறி, தினமும் வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கான கார்களோடு வரிசையில் கலந்து, முன்சக்கரம் கோட்டைத் தாண்டியதும் புகலிடம் கேட்டார்கள். 2021 நிதியாண்டில் அந்தத் தெற்கெல்லையில் பதிவான ரஷ்யர்கள் ஏறத்தாழ 4,000 பேர்; அடுத்த ஆண்டில் 21,000க்கும் மேல்.

அந்தக் காரை நினைத்துப் பாருங்கள். சில நூறு மீட்டர் ஓடுவதற்காக மட்டும் வாங்கப்பட்ட கார் அது; கோட்டைத் தாண்டியதும் பறிமுதலாகும் என்று வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். டெலிகிராம் குழுக்களில் இதை ஏற்பாடு செய்து தந்தவர்களை ரஷ்யர்கள் 'பமகாய்கா' என்று அழைத்தார்கள். உதவுகிறவன் என்பதைச் செல்லமாகவும் கொஞ்சம் இளக்காரமாகவும் சொல்லும் பேச்சுச்சொல் அது. ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கு பெர்லினுக்குள் வந்து சேர்ந்தவர்களின் பேச்சில் அவர் 'ஏஜென்சிக்காரர்'. நன்றியும் கசப்பும் ஒன்றாகக் கலந்த அதே தொனி இரண்டு சொற்களிலும் உண்டு.

இந்தக் களத்தில் குற்றத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெரிய பலம். அனுமதியற்றவர்களை நாட்டுக்குள் கொண்டுவருவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றம். அப்படியென்றால் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத ஐந்து பேர் ஏறும் அந்தக் காரில், ஸ்டீயரிங்கைப் பிடிப்பவர் மற்ற நால்வரை விடப் பெரிய ஆபத்தில் இருக்கிறார். யார் ஓட்டுவது என்ற அந்தக் கேள்வி ஒன்றே இரண்டாம் பகுதி முழுவதையும் தாங்கும். கதவுக்குள் போதைப்பொருள் ஒளித்துவைத்த கார் என்ற பழகிய திருப்பத்தை நான் தவிர்த்துவிடுவேன். அதைவிடச் சிறிய ஏமாற்று போதும். பமகாய்கா ஒரே காரை இரண்டு குடும்பங்களுக்கு விற்றுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை நான்கு மணிக்கு இரு குடும்பங்களும் ஒரே வாகன நிறுத்துமிடத்தில் வந்து நிற்கின்றன. ஆறு பேர், ஐந்து இருக்கைகள், ஒரு சாவி. 2021 டிசம்பரில் ரஷ்யர்கள் நிறைந்த இரண்டு கார்கள் அந்தச் சாவடியை நோக்கி விரைந்தபோது அதிகாரி ஒருவர் சுட்டார், யார் மீதும் குண்டு படவில்லை என்ற செய்தியும் அவர்கள் கைப்பேசியில் இருக்கிறது. எல்லைக்கோட்டை எந்த வேகத்தில் நெருங்க வேண்டும் என்பதே அவர்களுக்குள் ஒரு சண்டையாக முடியும்.

கதை நிகழும் காலத்தை 2022 வசந்தத்தில் வைத்தால் இன்னொரு கூர்மை சேரும். அப்போது டிஹுவானாவுக்கு வந்த உக்ரைனியர்களுக்கு அமெரிக்கா விதிவிலக்கு அளித்து உள்ளே விட்டது. அதே சுவரோரம் போர்வையோடு படுத்திருந்த ரஷ்யர்களும் பெலாரசியர்களும் காத்திருந்தார்கள். கணவன் ரஷ்யன், மனைவி உக்ரைனியள் என்று ஒரு தம்பதியை அந்தக் காரில் வைத்தால், அவர்களில் ஒருவருக்குக் கார் தேவையே இல்லை. 2023க்கு நகர்த்துவது கதையைத் தளர்த்திவிடும்: அந்த ஜனவரியில் கைப்பேசிச் செயலி வழியாகச் சந்திப்பு நேரம் பெறும் முறை வந்தது, மே 11இல் டைட்டில் 42 முடிவுக்கு வந்தது, காத்திருப்பு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதாக மாறியது.

செலவுக்கு வருவோம். உண்மையான சாவடியில் எடுக்க அனுமதி கிடைக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது. அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் படத்தின் பெரும்பகுதி ஒரு காரின் உட்புறம். கலிபோர்னியாவிலேயே நாலு வழிச் சாலை ஒன்றையோ பெரிய வாகன நிறுத்துமிடத்தையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து, இருபது கார்களை நெருக்கமாக நிறுத்தினால், கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அது இருநூறாகத் தெரியும். அந்தக் கடற்கரையில் விடியற்காலைகளில் படியும் கடல் மேகம் தூரத்தையெல்லாம் மூடிவிடும்; லைட்டிங்குக்கும் பின்னணிக்கும் அதைவிட மலிவான உதவி கிடையாது. வரிசையில் நிற்கும் கார்களுக்கு இடையே சுர்ரோ என்ற இனிப்புப் பலகாரமும் போர்வையும் பொம்மையும் விற்றுக்கொண்டு நடப்பவர்களாக ஆறு துணை நடிகர்கள் போதும். மிச்சமெல்லாம் ஒலி: ஹாரன், ஸ்பானிய வானொலி, அருகில் வரும் மோப்ப நாயின் மூச்சு. பட்ஜெட்டில் ஒரு பங்கை ஒலி வடிவமைப்புக்கென்று முன்கூட்டியே எடுத்துவைத்துவிட வேண்டும். கடைசியில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் இந்தப் படம் உயிர் பிழைக்காது.

நடிகர் தேர்வில்தான் குழு மிகுந்த பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும். ரஷ்ய மொழியில் 'ரூஸ்கி' என்றால் இனத்தால் ரஷ்யர், 'ரஸ்ஸியானின்' என்றால் ரஷ்ய நாட்டின் குடிமகன். தமிழில் நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திவிடுகிறோம். டிஹுவானாவுக்கு வந்தவர்களில் காக்கசஸ் பகுதியின் செச்சென்யர்களும் தாகெஸ்தானியர்களும், சைபீரியாவின் புரியாத் இனத்தவரும் இருந்தார்கள். காரில் இருக்கும் எல்லோரையும் ஒரே முகச்சாயலில் வைத்தால் அது பொய்யாகும், அவர்களுக்குள் இருக்கும் பழைய அவநம்பிக்கைகளையும் கதை இழக்கும். லாஸ் ஏஞ்சல்ஸிலும் சாக்ரமென்டோவிலும் ரஷ்ய மொழி பேசும் பெரிய சமூகங்கள் இருப்பதால் இந்த வேறுபாடுகளைக் காட்டும் நடிகர்களைத் தேடிப் பிடிக்க இயலும். அந்த வரிசையில் உண்மையாகவே நின்று வந்தவர்களை நடிக்க அழைக்கும் ஆசை வரும். ஆனால் அவர்களில் பலரின் புகலிட வழக்குகள் இன்னும் முடியவில்லை, ரஷ்யாவில் அவர்களுடைய பெற்றோர் இருக்கிறார்கள். வழக்கறிஞரைக் கேட்காமல் அப்படி ஒருவரின் முகத்தையோ குரலையோ பதிவு செய்வதை நான் ஏற்க மாட்டேன். அதனால் ஒரு நல்ல காட்சி போனாலும் போகட்டும்.

ஆகவே என் பரிந்துரை டிஹுவானா கார்தான். குழு ஐரோப்பாவில் இருந்தாலோ, பணம் இன்னும் குறைந்தாலோ நார்வா. டிஹுவானாவைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: கோட்டைத் தாண்டியதும் வெற்றி இசையைப் போட்டு முடித்துவிடாதீர்கள். அப்படிக் கடந்த பலர் லூசியானாவின் தடுப்பு மையங்களில் மாதக்கணக்கில் கிடந்தார்கள், குறிப்பாகத் தனியாக வந்தவர்கள். நான் எழுதுவதாக இருந்தால் கடைசிக் காட்சி காருக்குள்ளேயே இருக்கும். முன்சக்கரம் கோட்டைத் தாண்டி நிற்கிறது. இஞ்சினை அணைத்துவிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைத் தட்டி, சாவியை வெளியே நீட்டச் சொல்கிறார். சாவியைத் தொடுபவரே ஓட்டியவர் என்று பதிவாகும் என்பதை அறிந்த ஐந்து பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பின்னிருக்கையிலிருந்து, இதுவரை ஒரு வார்த்தையும் பேசாத ஒருவரின் கை மெல்ல முன்னால் நீள்கிறது.